ஆறு செக்கன்

“ஏன் தம்பி, இந்த இடத்திலை வயலின் அழுகுது?”

அக்கா இப்படிக் கேட்டு ஒன்றரை வருசமாகப் போகிறது. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு, 11 செக்கன்தான். பின்னால் யாரோ சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும் சத்தம். நான் திருப்பி அனுப்பிய விளக்கம் மூன்று நிமிசத்துக்கும் மேலே. அதை இன்னும் அழிக்கவில்லை. எப்போதாவது எடுத்துக் கேட்பேன், அரைவாசியில் நிறுத்திவிடுவேன். அவ்வளவு பெரிய மனுசத்தனமாகக் கதைத்திருக்கிறேன். அவ வாசித்ததைப் பற்றி அவவுக்கே பாடம் எடுத்திருக்கிறேன். இதை எழுதவேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

அக்கா ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. அங்கே சாப்பாட்டு மண்டபத்தில், சுவரோடு சாத்தி வைக்கிற வகைப் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து ஆட்களை அறைகளில் கொண்டுபோய் விட்ட பிறகு, தன் இடைவேளையில் பத்துப் பன்னிரண்டு நிமிசம் அதில் இருந்து கை போன போக்கில் வாசிப்பா. நோட்ஸ் இல்லை, பாட்டு இல்லை, தொடங்கும்போது எங்கே முடியும் என்று அவவுக்கே தெரியாது. போனைப் பியானோவுக்கு மேலே வைத்துப் பதிந்து அனுப்புவா. அது எங்களுக்கு விடிய ஐந்தரை, ஆறு மணி. அங்கே குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை மாற்றினால் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். நான் கிளிநொச்சியில் கரடிப்போக்குப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்க முதல் ஒரு மணித்தியாலம், பூட்டின பிறகு கண் சொருகுமட்டும், அக்கா வாசித்ததைச் சுற்றி ஒரு வாத்தியக் குழுவை எழுதுவேன். வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ், கிளாரினெட், பசூன், ஹோர்ன் எல்லாம் கணினிக்குள்ளே. ஒரு மனுசன்கூட இல்லை.

நாங்கள் நேரில் கண்டதில்லை. என் சித்தியின் மகளும் அதே இல்லத்தில்தான் வேலை. “எங்கடை ஊராள் ஒராள் பியானோ வாசிக்கிறா, கேட்டுப் பார்” என்று அவள் அனுப்பிய ஒரு துண்டில் தொடங்கியது. அக்காவின் ஊர் விசுவமடு. 1998 இல் வெளியே போனவ. ஊரில் இருந்தபோது ஆர்மோனியத்தோடு வாய்ப்பாட்டுப் படித்திருக்கிறா. பியானோ ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வலது கை ஆலாபனை மாதிரி இழுத்து இழுத்துப் போகும், இடது கை ஒரே இடத்தில் கிடந்து மூச்சுவிடும். ஆர்மோனியத்தில் இடது கைக்கு வேலை துருத்தி அமத்துவதுதானே. பியானோவுக்குப் போயும் அந்தக் கை தன் தொழிலை விடவில்லை.

ஒன்லைனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசித்தால் என்ன என்று கடைக்கு வருகிற பெடியள் கேட்பார்கள். ஏலாது. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகும். மேடையில் பத்து மீற்றர் தள்ளி நிற்கிறவரின் வாத்தியம் எங்கள் காதுக்கு வர 30 மில்லிசெக்கன் ஆகும். அந்தளவு பிந்தினாலே தாளம் இழுபடத் தொடங்கிவிடும். கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ 13,000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு 200,000 கிலோமீற்றர்தான் ஓடும். கடலுக்கு அடியில் கம்பியை நூல் பிடித்த மாதிரி நேராகப் போட்டிருந்தாலும் ஒரு பக்கத்துக்கு 65 மில்லிசெக்கனுக்குக் குறையாது. கம்பி நேராகக் கிடப்பதுமில்லை, வழியில் எத்தனையோ சந்தி. ஆகவே அவ முன்னே வாசிக்க வேண்டும், நான் பின்னே வரவேண்டும். இந்த வேலையில் வேறு ஒழுங்கு கிடையாது. அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குப் பிடிபட நெடுநாள் எடுத்தது.

மற்றது கோப்பின் நிறை. போன்காரன் சுருக்கி அனுப்பினால் பியானோவின் வால், அதுதான் ஒரு சுரம் தேய்ந்து போகிற கடைசிப் பகுதி, கரடுமுரடாகிவிடும். சுருக்காத வேவ் கோப்பு, 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், ஸ்ரீரியோ என்றால் நிமிசத்துக்கு 17 எம்பி. பன்னிரண்டு நிமிச வாசிப்பு 200 எம்பியைத் தாண்டும். இரவு டேட்டா முடிய முதல் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகல் டேட்டாவில் கை வைக்கவேண்டி வரும். அந்தப் பியானோவும் சுருதி இறங்கினது. ஒரு அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் 20 பங்கு கீழே. 440 ஹேர்ட்ஸில் இருக்கவேண்டிய ‘ஏ’ அங்கே 435 இல் நிற்கும். வயது போனவர்களின் வீட்டுப் பியானோ, அதுவும் கொஞ்சம் கூனித்தான் நிற்கும் என்பா அக்கா. அதை நிமிர்த்த ஏலாது, ஆகவே என்னுடைய வாத்தியக் குழு முழுவதையும் 20 பங்கு கூன வைத்தேன்.

கட்டம் போட்ட கொப்பி

கணினியில் இசை எழுதுகிறவர்களுக்குத் தெரியும், திரையில் முதலில் தெரிவது கட்டம். கணக்குக் கொப்பி மாதிரி நிலைக்குத்தாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு அட்சரம். வயலினுக்கு எழுதும் சுரங்கள் அந்தக் கோடுகளில் போய்க் குந்தும். பியானோவும் அதே கோடுகளில் விழுந்தால் வேலை லேசு. அக்காவின் வாசிப்பு எந்தக் கோட்டிலும் விழாது. ஒரு இடத்தில் நிமிசத்துக்கு 58 அடி, அடுத்த மூச்சில் 71, பிறகு நின்று யோசித்துவிட்டு 63.

முதல் தடவை நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். அவவின் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, இழுக்கவேண்டிய இடத்தில் இழுத்து, அமத்தவேண்டிய இடத்தில் அமத்தி, கோட்டில் கொண்டுபோய் இருத்தினேன். இரண்டு கிழமை மினக்கெட்டேன். கேட்க வடிவாக இருந்தது, எனக்கு. அக்கா கேட்டுவிட்டு, “ஆரோ பின்னாலை நிண்டு தள்ளுற மாதிரி இருக்கு தம்பி” என்றா. அவ்வளவுதான் சொன்னா. அவ அதிகம் கதைக்கிற ஆளில்லை.

எனக்கு அப்போது அண்ணாவின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. 90களின் நடுவில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. வன்னியில் ஆருடைய வீட்டில் இருந்தது? பற்றரியும் தடைசெய்த சாமான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லில் முட்டவிட்டு, அண்ணா ஏறி இருந்து மிதிப்பார். 6 வோல்ற் டைனமோ, நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர், அங்காலே ஒரு கசெற் றெக்கோடர். முற்றத்தில் பாய் போட்டு அக்கம்பக்கத்து ஆட்களும் வந்திருப்பார்கள். அண்ணா உசாராக மிதிக்கும்போது பாட்டு சரியாகப் போகும். கால் உழையத் தொடங்க, பாடுகிறவரின் குரல் தடித்து, சுருதி அரைச்சுரம் கீழே இறங்கி, தாளம் தேன் வழிகிற மாதிரி வழியும். ஆரும் “டேய் மிதியடா” என்றால் எல்லாம் மேலே ஏறும். சரணத்தின் நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அந்தப் பாடகர் மந்தர ஸ்தாயிக்குப் போய் அங்கேயே அடங்குவார். பல வருசத்துக்குப் பிறகு அதே பாட்டுகளைச் சீடியில் கேட்டபோது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் பாடுகிற மாதிரி இருந்தது. எது சரியான வேகம் என்று எனக்கு இன்னும் தெரியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுவதாக அறிவித்தபோது, தெற்கில் ஆட்கள் பட்ட அந்தரத்தைப் பார்த்து எங்கள் ஒழுங்கைக் கிழவர்கள் கொஞ்சம் சிரித்ததையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே பியானோவை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பிடித்து வளைத்தேன். அவவின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேகக்குறி. பதினொன்றரை நிமிச வாசிப்புக்கு எழுநூறுக்கு மேலே குறி, ஒவ்வொன்றும் காதால் கேட்டு, கையால் வைத்தது. கோடுகள் நெருங்கியும் விலகியும் தெரிகிற அந்தத் திரையைப் பார்த்தால், அண்ணாவின் கால் உழைவதையும் தேறுவதையும் வரைந்து வைத்த மாதிரி இருக்கும். இதெல்லாம் சரியாக வந்தது. அக்காவும் “இப்ப தள்ளேல்லை” என்றா. நான் கெட்டிக்காரன் என்று எனக்கு எண்ணம் வந்தது அந்தக் கிழமைதான். பிழை விட்டதும் அதே கிழமைதான்.

வன்னி எண்டால் வயலின்

இதற்கு முதல் நான் செய்துவந்த வேலை ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும். தொண்டு நிறுவனங்கள் எடுக்கிற சின்னச் சின்ன விவரணப் படங்களுக்குப் பின்னணி இசை. ஐயாயிரம் ரூபா, பேரம் பேசினால் ஆறாயிரம். படம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. ட்ரோன் பனைகளுக்கு மேலாலே போய் ஒரு குளத்தைக் காட்டும். ஒரு அம்மா திண்ணையில் இருப்பா. அவ வாயைத் திறக்க முதல் வயலின் தொடங்கவேண்டும். ஒருமுறை ஒரு அம்மா தன் கோழிக்கூட்டை எப்படி அடித்தேன் என்று உசாராகச் சொல்லிக்கொண்டிருந்தா, அதற்கும் அதே வயலின்தான் கேட்டார்கள். நானும் போட்டேன். “கொஞ்சம் சோகமாப் போடுங்கோ அண்ணை” என்பார்கள். சோகம் என்பது என்னிடம் இருந்த ஒரு தயார்ச் சாமான். பிபிசி சிம்பொனி இசைக்குழுவை லண்டன் மைடா வேல் கலையகத்தில் பதிந்து ஸ்பிற்பயர் நிறுவனம் விற்கிற ஒலித்தொகுப்பின் சிறிய பதிப்பு, 200 எம்பி அளவு. ஒரு கேள்விக்கொத்தை நிரப்பிவிட்டு இரண்டு கிழமை காத்திருந்து சும்மா எடுத்தது. அதில் வயலின் நீள்சுரத்தை எடுத்து, கீபோட்டின் இடப்பக்கம் இருக்கிற சில்லைப் பூச்சியத்திலிருந்து 127 வரைக்கும் மெல்ல மேலே தள்ளினால் போதும். ஒலி வீங்கி வரும். கேட்கிறவருக்குத் தொண்டை அடைக்கும்.

பியானோவோடு இதைச் சேர்க்கும்போது இன்னொன்று நடக்கும். பியானோவில் ஒரு கட்டையை அடித்த அந்தக் கணத்திலிருந்து சுரம் தேயத் தொடங்குகிறது. வாசிக்கிறவர் என்ன தலைகீழாக நின்றாலும் அடித்த சுரத்தைப் பிறகு பெருப்பிக்க ஏலாது. வயலினில் ஏலும். பியானோ தேய்கிற அதே இடத்தில் அதே சுரத்தை வயலின் பிடித்து வளர்த்தால், போகிறவரைக் கையில் பிடித்து இழுப்பது போலிருக்கும். சினிமாவில் நாங்கள் அழுத இடங்களில் அரைவாசி இந்தத் தந்திரத்தால் வந்தது. எனக்கு அது கைவந்த தந்திரம்.

அக்காவின் அந்த வாசிப்பில், 4 நிமிசம் 12 ஆவது செக்கனில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அதற்கு முதல் இடது கை அடிமட்டத்தில் ஒரே சுரத்தைக் குத்திக்கொண்டு வரும், டுக், டுக், டுக்டுக்டுக் என்று. இரண்டு தரம் தடக்கும், திரும்பப் பிடிக்கும், பிறகு மூச்சு முட்டின மாதிரி ஒரு குத்து, நிற்கும். ஆறு செக்கனுக்கு ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஒரு சுரம். இன்னொன்று. மூன்றாவதில் ஓடத் தொடங்கும், அதிலிருந்து கடைசி வரைக்கும் ஓட்டம்தான்.

அந்த ஆறு செக்கனைக் கேட்டதும் எனக்கு உடம்பு புல்லரித்தது. விசுவமட்டு மனுசி, இடது கையில் குத்துகிற சத்தம், திடீரென்று மௌனம். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மௌனத்தின் அடியில் வியோலாவைக் கொண்டுவந்தேன். அதற்கு மேலே இரண்டு வயலின் வரிசை. நாலாவது செக்கனில் ஹோர்ன். சில்லை 127 வரைக்கும் தள்ளினேன். இரவு ஒரு மணிக்கு ஹெட்போனில் கேட்டபோது என் கண் கலங்கியது. கோப்புக்கு ‘இடப்பெயர்வு 4’ என்று பெயர் வைத்து அனுப்பினேன்.

அதற்கு வந்ததுதான் அந்த 11 செக்கன் கேள்வி.

மூன்று நிமிசப் பதிலில் நான் என்ன சொன்னேன் என்று முழுதாக எழுதப் போவதில்லை. மௌனத்தின் பொருள் பற்றிச் சொன்னேன். 2009 மேயைப் பற்றிச் சொன்னேன். நான் அங்கே இருந்தவன், அவ இருக்கவில்லை. அதை வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் கேட்கிற எவருக்கும் விளங்குகிற மாதிரித்தான் சொல்லியிருக்கிறேன். வெட்கம் என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

அக்கா அன்று பதில் போடவில்லை. நாலு நாள் கழித்துப் போன் எடுத்தா.

“தம்பி, நீர் சொன்னதெல்லாம் சரி. ஆனா அது எங்கடை ஐயாவின்ரை மிசின்.”

“என்ன மிசின் அக்கா?”

“தண்ணி இறைக்கிற மிசின்.”

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவ சொல்லிக்கொண்டு போனா. விசுவமட்டில் அவர்களுக்கு மிளகாய்த் தோட்டம். பெற்றோல் இல்லாத காலம், மிசின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஆனால் குளிர்ந்த மிசினை மண்ணெண்ணெயில் பத்தவைக்க ஏலாது. சின்னப் போத்தல் ஒன்றில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலில் இரண்டு மூன்று துளி காபரேற்றருக்குள் விட்டு, கயிற்றைச் சுற்றி இழுக்கவேண்டும். பத்தினால் பெற்றோல் முடிய முதல் மண்ணெண்ணெயைப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் இரண்டு தரம் இருமிவிட்டு நிற்கும். ஐயா பிளக்கைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, ஊதி, திரும்பப் பூட்டி, மிசினுக்குப் பேச்சும் கொடுத்து, கயிற்றைச் சுற்றுவார். அக்கா தோட்டத்தின் மற்றத் தொங்கலில். பன்னிரண்டு வயது. கையில் மண்வெட்டி, பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுகிறது அவவின் வேலை. முதலில் சத்தம் தடக்கும், பிறகு நிற்கும். சத்தம் நின்ற பிறகும் வாய்க்காலில் தண்ணி கொஞ்ச நேரம் வந்துகொண்டுதான் இருக்கும். பிறகு அது மெலிந்து, காலைச் சுற்றி நின்று, செம்மண்ணுக்குள் இறங்கும். அங்காலே ஐயா கயிறு சுற்றுகிறார் என்று தெரியும், ஆனால் வாழை மறைப்பில் ஆள் தெரியாது.

“அந்த நேரம் நான் என்ன செய்வன் தெரியுமோ தம்பி? பத்தக்கூடாது, பத்தக்கூடாது எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு நிப்பன். பத்தாட்டி வீட்டை போகலாமெல்லே.”

பிறகு அவ சிரித்தா. நானும் சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை. “வாசிக்கேக்கை அதை நினைச்சோ வாசிச்சனீங்கள்?” என்று கேட்டேன், கொஞ்சம் குறுக்கு விசாரணை மாதிரித்தான்.

“இல்லை. கை தானாப் போனது. நீர் அழவச்சு அனுப்பினாப் பிறகுதான், இதிலை எனக்குச் சிரிப்பெல்லே வருது, ஏன் இந்தப் பெடியன் அழுறான் எண்டு யோசிச்சன். முந்தநாள் பஸ்ஸிலை போகேக்கை பிடிபட்டுது.”

போனை வைத்ததும் எனக்கு வந்தது கோபம். எல்லாம் பகிடியாகப் போய்விட்டது என்ற மாதிரி. இரண்டு கிழமை அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. கடையில் இருந்து பரீட்சைத் தாள்களைப் படியெடுத்துக்கொண்டு இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் அழுகை இருந்தது உண்மை, அதற்கு என்னிடம் காரணமும் இருக்கிறது, அதை ஒருவரும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை நான் வைத்த இடம் எனக்குச் சொந்தமான இடமில்லை. மிசின் பத்தக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு நின்ற ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இருபது வயலினைக் கவிட்டு ஊற்றியிருக்கிறேன். ஐயாயிரம் ரூபாவுக்குக் கோழிக்கூட்டு அம்மாவுக்குச் செய்த அதே வேலையை இந்தமுறை சும்மா செய்திருக்கிறேன். எங்களைப் படம் பிடிக்க வருகிறவர்கள் எங்களுக்கு வயலின் போடுகிறார்கள் என்று டீக்கடையில் நக்கல் அடிக்கிறவன் நான். அவர்கள் போன பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்டேன் என்பதுதான் தொண்டைக்குள் நின்றது.

பியானோ இசைக்கு வாத்தியக் குழு எழுதுவது புதுச் சங்கதியில்லை. முசோர்க்ஸ்கி 1874 இல் பியானோவுக்கு மட்டும் எழுதிய ஓவியக் கண்காட்சித் தொகுப்பை ராவெல் 1922 இல் முழு இசைக்குழுவுக்கு மாற்றினார். தொடக்கத்தைத் தனி டிரம்பெற்றுக்குக் கொடுத்தார், பழைய கோட்டைப் பகுதிக்கு சாக்சபோனைக் கொண்டுவந்தார், இடையில் வருகிற நடைப் பகுதிகளில் ஒன்றைப் பேசாமல் விட்டும்விட்டார். இன்றைக்கு உலகம் அதிகம் கேட்பது ராவெலின் வடிவத்தைத்தான். எனக்கு அதில் பொறாமை ஒன்று உண்டு. முசோர்க்ஸ்கி 1881 இலேயே இறந்துவிட்டார். ஏன் தம்பி சாக்சபோன் என்று ராவெலுக்குக் குரல் பதிவு வந்திருக்காது.

பின்னாலே வருகிறவர்

திரும்பத் தொடங்கியபோது எனக்குக் கைகொடுத்தது கணினி அறிவு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லித் தந்த சேர் ஒருத்தர். நான் இரண்டு வருசத்துக்கு மேலே படிக்கவில்லை, படித்ததும் பாழ். ஆனால் பக்கவாத்தியம் பற்றி அவர் சொன்னது நிற்கிறது. ஆலாபனையில் தாளம் கிடையாது, எண்ணிக் கொண்டு போக ஏலாது. பாடுகிறவர் ஒரு பிடியைப் பாட, வயலின்காரர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சுப் பின்னால் போவார். “அவர் எங்கை போறார் எண்டு உனக்குத் தெரிஞ்சாலும் முந்தாதை” என்பார் சேர். “அவர் மூச்செடுக்கேக்கை நீ வில்லை எடுக்காதை.” நான் செய்தது அதன் தலைகீழ். அக்கா மூச்செடுத்த இடத்தில் முழுக் குழுவையும் கொண்டு வில் போட்டிருக்கிறேன்.

நாலாவது நிமிசத்திலிருந்து வயலின் வரிசை இரண்டையும் தூக்கினேன். இடது கைக் குத்துக்கு டபுள் பேஸ், விரலால் சுண்டுகிற ஒலி. அதோடு பசூன், கட்டையாக. பசூனின் அடிக்குரலில் ஒரு பழைய எஞ்சின் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இதில் நான் கொஞ்சம் மிதந்துவிட்டேன். அக்காவும் சேர்ந்து, “ஐயா மிசினுக்குப் பேசுறதுக்கு ஒரு ஹோர்ன் போடும்” என்றா, போட்டேன். பிளக் ஊதுவதற்குப் புல்லாங்குழல். இருமலுக்கு இன்னொரு பசூன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் அது பூனை எலியைத் துரத்துகிற கார்ட்டூன். அழுகையை எடுத்த இடத்தில் பகிடியை இறக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அக்காதான் முதலில் சொன்னா: “தம்பி, அந்த நேரம் எனக்குப் பகிடியாயும் இருக்கேல்லை. கால் குளிர்ந்தது.”

ஹோர்ன் போனது, புல்லாங்குழல் போனது. ஒன்பதாவது பதிப்பில் மிஞ்சினது மூன்று டபுள் பேஸ், ஒரு பசூன், ஒரு கிளாரினெட்.

ஆறு செக்கன் மட்டும் பிடிபடாமல் நின்றது. எல்லா வாத்தியத்தையும் நிறுத்தினால் அந்த இடம் செத்த மாதிரி இருந்தது. காதில் பஞ்சு அடைத்த மாதிரி. ஏன் என்று இரண்டு இரவு தேடினேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது, தொடக்கத்திலேயே பதிவிலிருந்த இரைச்சலையெல்லாம் மென்பொருளால் துடைத்து எடுத்திருந்தேன். துப்புரவு செய்கிறேன் என்று. அக்கா அனுப்பிய பழைய கோப்பை எடுத்து, அந்த ஆறு செக்கனை மட்டும் வெட்டி, துடைக்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் அடியில் மெல்லியதாக. ஒரு தட்டு இன்னொரு தட்டில் படுகிறது. கதிரை ஒன்றின் கால் நிலத்தில் உராய்கிறது. தூரத்தில் ஒரு கிழவரோ கிழவியோ இரண்டு சொல் சொல்வது கேட்கும், என்ன மொழி என்று தெரியாது. அக்காவின் பெருவிரல் கட்டையில் தொட்டு, அடிக்காமல், எடுபடுகிற சின்னச் சத்தம். அது அவ்வளவு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவவின் முதல் சுரம் வருகிறது. அதில் நான் கை வைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் மிசின் பத்தி ஓடத் தொடங்கி, நாலு அடி போன பிறகு, கிளாரினெட் தன் அடிக்குரலில் ஒரே ஒரு சுரத்தோடு வரும். நீள்சுரங்கள் இந்தத் தொகுப்பில் மெல்லத்தான் தொடங்கும். வழக்கத்தில் அதைச் சரிக்கட்டச் சுரத்தை முன்னுக்கு இழுத்து வைப்போம். இந்தமுறை இழுக்கவில்லை, பிந்தட்டும் என்று விட்டேன். மிசினுக்கும் பாத்திக்கும் இடையில் வாய்க்கால் எவ்வளவு நீளம் என்று அக்காவிடம் கேட்டேன். “முப்பது யார் தூரம் இருக்கும். தண்ணி வரக் கொஞ்ச நேரம் செல்லும்” என்றா. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் கிளாரினெட் எடுத்துக்கொள்கிறது.

கோப்பின் பெயரை மாற்றி அனுப்பினேன். அக்கா கேட்டுவிட்டு ஒரு பெருவிரல் படம் போட்டா. இரண்டு நாள் கழித்து, “கால் நனையுது” என்று ஒரு வரி.

அப்பாவுக்கு ஒருநாள் கடையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். அவருக்கு எழுபத்தாறு வயது, வலது காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரின் பக்கம் இடது காதைக் கொடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அவரும் ஒரு காலம் மிசின் வைத்துத் தோட்டம் செய்தவர்தான், ஆனால் நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. 4 நிமிசம் 12 செக்கன் வந்தது. சத்தம் நின்றது. அப்பா நிமிர்ந்து மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபானைப் பார்த்தார்.

“கரண்ட் நிண்டிட்டுதோ?”

“இல்லை அப்பா, அது அப்பிடித்தான்.”

திரும்ப ஓடத் தொடங்கியதும் காதைக் கொடுத்தார். முடிந்ததும், “இதுக்கு எவ்வளவு தருவினம்?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பிறகேன் இரவிரவாகக் கரண்டை எரிக்கிறாய் என்றுவிட்டு எழும்பிப் போனார்.

அதை அப்படியே அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் விடிய அவவிடமிருந்து வந்தது 19 நிமிசக் கோப்பு, 330 எம்பி. இரவு டேட்டா முடிய நாற்பது நிமிசம் இருந்தது.